நூல் கடையில பின்னல் பழகி, அதே நூலுக்கு செடிச் சாயமும் ஏத்துறது எப்படி

நிட்டிங் கத்துக்கணும்னு ஆசை வந்த உடனே பத்து நூல்கண்டும் ஒரு பை நிறைய ஊசியும் வாங்கிடாதீங்க. முதல் தடவை நூல் கடைக்கு வெறுங்கையோட போங்க, கம்பளி நூல்னு அடுக்கி வச்சிருக்கிறதை எல்லாம் எடுத்துத் தொட்டுப் பாருங்க, கழுத்துகிட்ட வச்சு குத்துதான்னு பாருங்க, அங்க வகுப்பு எடுக்குறாங்களான்னு கேளுங்க, விட்டாங்கன்னா ஒரு வகுப்பு நடக்கும்போது ஓரமா உக்காந்து பத்து நிமிஷம் கவனிங்க. நான் மூணு மாசம் வீடியோ மட்டும் பாத்துப் பின்னிக்கிட்டு இருந்தேன், போடுற ஒவ்வொரு கண்ணியும், அதாவது ஊசியில விழுற ஒவ்வொரு நூல் வளையமும், முறுக்கிக்கிட்டு நிக்கும், ஏன்னே புரியலை. கடையில சொல்லித்தர்ற அக்கா என் கையை அரை நிமிஷம் பாத்துட்டு "கண்ணியோட பின் காலுக்குள்ள ஊசியை விடுறீங்க, முன் காலுக்குள்ள விடுங்க"ன்னாங்க, அன்னைக்கே சரியாயிடுச்சு. வீடியோல இருக்கிறவங்களுக்கு நம்ம கை தெரியாதே.

இங்க நான் சொல்லப்போறது பின்னலையும் செடிச் சாயத்தையும் ஒரே கடையில, ஒரே வெள்ளை நூலை வச்சுக் கத்துக்கிற வழி. முதல்ல பின்னல், அப்புறம் சாயம், அப்புறம் சாயம் போட்ட நூல்ல திரும்பப் பின்னல். இந்த வரிசையை மாத்த வேண்டாம், ஏன்னா நூலை இழுத்தா எவ்வளவு கொடுக்கும், எந்த இடத்துல முறுக்கு விடும், தண்ணி பட்டா எப்படி உப்பும்ங்கிறதெல்லாம் கொஞ்ச நாள் கையில வச்சுப் பின்னினாத்தான் தெரியும், அது தெரிஞ்ச கை சாயப் பானைக்குள்ள நூலைப் போட்டு முரட்டுத்தனமா கிண்டாது. ரெண்டு வேலைக்கும் பொதுவா ஒரு பழக்கம் வேணும், பெருசா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு மாதிரி போட்டுப் பாக்குறது. பின்னல்ல அதுக்கு ஸ்வாட்ச்னு பேரு, சாயத்துல 10 கிராம் சிட்டம், அதாவது தளர்வா வளையமா சுத்தின நூல். இதைத் தாண்டிப் போனதாலதான் நான் ஒரு முழு ஸ்வெட்டரைப் பிரிக்க வேண்டி வந்துச்சு, அந்தக் கணக்கைக் கீழ சொல்றேன்.

வகுப்புல சேருறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்

பின்னல் வகுப்புன்னா எத்தனை பேர் இருப்பாங்கன்னு கேளுங்க. ஒருத்தர் சொல்லித்தர 6 பேருக்கு மேல இருந்தா ஒவ்வொருத்தர் கையையும் பாக்க நேரம் கிடைக்காது. அடுத்தது, தப்பைத் திருத்துறது சொல்லித்தருவாங்களான்னு கேளுங்க, இது ரொம்ப முக்கியம், நிறைய வகுப்புல கண்ணி போடுறது, பின்றது, முடிக்கிறதுன்னு மூணு பாடத்தோட நிறுத்திடுறாங்க, வீட்டுக்கு வந்து ஒரு கண்ணி நழுவினா என்ன பண்றதுன்னு தெரியாம அப்படியே தூக்கி வச்சுடுவோம்.

சாய வகுப்புக்கு வேற கேள்வி. படிகாரம் ஏத்துற வேலையை நம்ம கண் முன்னாடி பண்ணுவாங்களா, இல்ல முன்னாடியே ஏத்தி வச்ச நூலைக் கொடுத்து சாயப் பானைல முக்கச் சொல்லுவாங்களா? ரெண்டாவது மாதிரி வகுப்பு ஒரு நாள்ல முடிஞ்சுடும், அழகான நூலோட வீட்டுக்கு வரலாம், ஆனா சாயம் நிக்கிறதும் போறதும் அந்தப் படிகார வேலையிலதான் இருக்கு, அதைப் பாக்காம வந்தா தனியா பண்ணும்போது கை நிக்கும். நேரம் பத்தலைன்னு முன்னாடியே ஏத்தி வச்சிருந்தாங்கன்னா தப்பு இல்லை, எத்தனை கிராம் போட்டீங்க, எவ்வளவு நேரம் வச்சீங்கன்னு கேட்டு எழுதிக்கோங்க.

கடையில சும்மா கூடி உக்காந்து பின்ற நேரம் இருந்தா விடாதீங்க. வகுப்புல கத்துக்கிறதைவிட அங்க கத்துக்கிறது அதிகம், பக்கத்துல இருக்கிறவங்க நூலை இடது கையில பிடிச்சு கான்டினென்டல் முறைல பின்றதைப் பாப்பீங்க, நீங்க வலது கையில பிடிச்சு சுத்திக்கிட்டு இருப்பீங்க, ரெண்டும் சரிதான், உங்க கைக்கு எது வலிக்காம வருதோ அதை வச்சுக்கோங்க. அங்க உக்காந்து கத்துக்கிறோம்னா நூலையும் அங்கயே வாங்குறதுதான் நியாயம்ங்கிறது என் எண்ணம்.

லேபிளைப் படிக்கிறது

நூல்கண்டு மேல சுத்தியிருக்கிற காகிதத்துல பாக்க வேண்டியது எடை, நீளம், எந்த நார், எந்த ஊசி, டை லாட் நம்பர். எடையை மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க, 100 கிராம் வொர்ஸ்டட்ங்கிற நடுத்தரத் தடிமன் நூல்னா சுமாரா 200 மீட்டர் இருக்கும், அதே 100 கிராம் மெல்லிசான ஃபிங்கரிங் நூல்னா 400 மீட்டர் கிட்ட வரும், அதனால பேட்டர்ன்ல, அதாவது பின்றதுக்கான செய்முறைக் குறிப்புல, கேக்குற அளவை மீட்டர்லதான் பாக்கணும். டை லாட் நம்பர்ங்கிறது ஒரே தொட்டியில சாயம் போட்ட நூல்னு அடையாளம், ஒரே நிறம்னு கண்ணுக்குத் தெரிஞ்சாலும் நம்பர் வேறன்னா பின்னி முடிச்சப்புறம் கோடு போட்ட மாதிரி பளிச்சுன்னு காட்டிக்கொடுத்துடும்.

ஆரம்பிக்கிறவங்க வொர்ஸ்டட் தடிமன்ல, வெளிர் நிறத்துல, முடி நீட்டிக்கிட்டு இல்லாத வழவழப்பான நூலை எடுங்க. கறுப்பு நூல்ல கண்ணியே தெரியாது, மொசமொசன்னு இருக்கிற மொஹேர்ல தப்புப் பண்ணினா பிரிக்க வராது. ஊசி 5 மில்லிமீட்டர், மூங்கில் இல்லன்னா மரம். உலோக ஊசி வேகமா ஓடும், பழகாத கையில கண்ணி வழுக்கி விழுந்துடும், மூங்கில் கொஞ்சம் பிடிச்சு நிறுத்தும்.

இன்னொண்ணு, பின்னாடி சாயம் போடப்போறோம்ங்கிறதால இப்பவே தெரிஞ்சுக்கணும். உல்லன்னு சொல்லி விக்கிற நூல்ல நிறைய அக்ரிலிக்தான், அது பிளாஸ்டிக் நார், செடிச் சாயம் அதுல ஏறவே ஏறாது. சந்தேகம் இருந்தா கடையில கேட்டுட்டு 5 சென்டிமீட்டர் நூலை இடுக்கியில பிடிச்சு, கீழ தண்ணித் தட்டு வச்சுக்கிட்டு கொளுத்திப் பாருங்க. கம்பளின்னா முடி கருகுற வாசனை வரும், நெருப்பை எடுத்தா தானா அணைஞ்சுடும், சாம்பல் விரல்ல தேச்சா பொடியாயிடும். அக்ரிலிக்னா உருகி ஓடி கெட்டியான கறுப்பு மணியா நிக்கும். அந்த உருகுற துளி கையில பட்டா ஒட்டிக்கிட்டு சுடும், ஜாக்கிரதை.

முதல் 20 கண்ணி

ஊசியில 20 கண்ணி ஏத்துங்க. லாங் டெய்ல் முறைன்னா பின்னப்போற அகலத்தைப் போல மூணு மடங்கு நூலை வாலா விட்டு ஆரம்பிக்கணும், இல்லன்னா 15வது கண்ணியில நூல் தீந்துடும். அப்புறம் எல்லா வரிசையும் நிட்ங்கிற அடிப்படைக் கண்ணியை மட்டும் போடுங்க, இதுக்குப் பேரு கார்ட்டர், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடு மேடா வரும், ஓரம் சுருளாது, அதனால பழகுறதுக்கு இதைவிட நல்லது இல்லை.

ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் எண்ணுங்க. 20 ஏத்தினது 23 ஆகி 27 ஆகி துண்டு மேல போகப் போக விரியுதுன்னா பெரும்பாலும் தப்பு ஓரத்துலதான் இருக்கும். வரிசை முடிச்சுத் திருப்பும்போது நூல் ஊசிக்கு மேல ஏறி பின்னாடி தொங்கினா, முதல் கண்ணி இழுபட்டு ரெண்டு கால் பிரிஞ்சு ரெண்டு கண்ணி மாதிரி தெரியும், நாமளும் ரெண்டா நினைச்சுப் பின்னிடுவோம். திருப்பின உடனே நூலைக் கீழ இழுத்து ஊசிக்கு அடியில விட்டுட்டு ஆரம்பிங்க, ஒரே கண்ணியா நிக்கும்.

கார்ட்டர் கை வந்ததும் பர்ல் கத்துக்கோங்க. பர்ல்ங்கிறது புதுசா ஒண்ணும் இல்லை, நிட் கண்ணியைப் பின்பக்கத்துலேந்து போடுறதுதான். நேர் பக்கம் நிட், திரும்பின பக்கம் பர்ல்னு மாத்தி மாத்திப் போட்டா முன்பக்கம் முழுக்க V V V ன்னு வரிசையா நிக்கும், பின்பக்கம் சின்னச் சின்ன மேடா இருக்கும், இதுதான் ஸ்டாக்கினெட், கடைல வாங்குற ஸ்வெட்டர்ல பாக்குறது. இது ஓரத்துல சுருண்டுக்கும், உங்க தப்பு இல்லை, அதோட குணமே அதுதான். ஊசிக்குக் கீழ பாத்து இது V, இது மேடுன்னு கண்ணியைப் படிக்கத் தெரிஞ்ச நாள்லேந்து பேட்டர்ன் காகிதத்தை வரிக்கு வரி எண்ணிக்கிட்டு இருக்க வேண்டியது இல்லை, எங்க விட்டோம்னு துண்டே சொல்லும்.

நழுவின கண்ணியைத் தூக்குறதுக்கு வகுப்புலயே வேணும்னே ஒரு கண்ணியை விடுங்க. ஊசியை விட்டு இறக்கி நாலு வரிசை கீழ வரைக்கும் இழுத்து ஓட விடுங்க, ஏணி மாதிரி குறுக்குக் கம்பியா நூல் தெரியும். க்ரோஷா ஊசியை எடுத்து அடியில நிக்கிற கண்ணிக்குள்ள முன்பக்கமா விட்டு, அதுக்கு நேர் மேல இருக்கிற ஏணிப்படியைக் கொக்கியில மாட்டி கண்ணி வழியா வெளிய இழுங்க, ஒரு படி ஏறியாச்சு. இப்படி நாலு படி ஏறி ஊசியில திரும்ப மாட்டிடலாம், முதல்ல கொஞ்சம் தளர்வா தெரியும், துவைச்சா சமமாயிடும். இதை ஒரு தடவை கையால பண்ணிட்டா நழுவுறதுக்குப் பயமே போயிடும்.

அந்த ஸ்வாட்ச் கணக்கு

பேட்டர்ன்ல 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணின்னு போட்டிருந்துச்சு, மார்பு சுத்தளவு 100 சென்டிமீட்டர், அப்போ 200 கண்ணி. எனக்கு இறுக்கிப் பின்ற கை, 10 சென்டிமீட்டருக்கு 22 வந்துச்சு, ரெண்டு கண்ணிதானேன்னு ஆரம்பிச்சுட்டேன். 200ஐ 22ஆல வகுத்து 10ஆல பெருக்கிப் பாருங்க, 91 சென்டிமீட்டர். ஒன்பது சென்டிமீட்டர் குறைஞ்ச ஸ்வெட்டருக்குள்ள தலையே போகலை, மொத்தமும் பிரிச்சேன்.

அதனால 15 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையாம ஒரு சதுரம் பின்னுங்க, ஓரத்துல கண்ணி கோணலா இருக்கும்ங்கிறதால நடுவுல இருக்கிற 10 சென்டிமீட்டரை மட்டும் எண்ணணும். எண்றதுக்கு முன்னாடி துவைக்கணும், இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. வெதுவெதுப்பான தண்ணியில 20 நிமிஷம் ஊற விட்டு, முறுக்காம அமுக்கிப் பிழிஞ்சு, துண்டுல சுருட்டி மேல ஏறி நின்னு ஈரத்தை எடுத்து, சமமா விரிச்சுக் காய விட்டு, அப்புறம் எண்ணுங்க. கண்ணி அதிகமா வந்தா ஊசியை ஒரு சைஸ் பெருசாக்குங்க, கம்மியா வந்தா சின்னதாக்குங்க. கையை மாத்தி இறுக்கவோ தளர்த்தவோ பாக்காதீங்க, பத்து வரிசை தாண்டினா கை தன் வழிக்கே போயிடும்.

சாயத்துக்கு நூலைத் தயார் பண்றது

ரெண்டு மாசம் போல பின்னின அப்புறம் கடையில சாயம் போடாத 100 கிராம் கம்பளி நூல் கேளுங்க, சிட்டமா கொடுப்பாங்க. சூப்பர்வாஷ்னு லேபிள்ல இருந்தா அது மெஷின்ல துவைச்சா சுருங்காம இருக்கிறதுக்காக இழைக்கு மேல பதப்படுத்தினது, சாயத்தை வேகமாவும் ஆழமாவும் குடிக்கும், சில சமயம் திட்டுத் திட்டா ஆயிடும். பதப்படுத்தாதது மெதுவா ஏறும், ஆனா சூட்டுல கிண்டினா சுருங்கி கட்டி தட்டிடும். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், நிறம் உள்ள வரைக்கும் அமைதியா இறங்குற மாதிரி இருக்கும்.

அந்த 100 கிராம்ல 50ஐ அப்படியே வச்சுட்டு மிச்சத்தை 10 கிராம் 10 கிராமா அஞ்சு குட்டிச் சிட்டமா சுத்துங்க, நாற்காலி முதுகுல சுத்தினாலே போதும். நாலு இடத்துல 8 போட்ட மாதிரி தளர்வா கட்டுங்க. இறுக்கிக் கட்டினா கட்டுன இடத்துக்குள்ள சாயம் போகாம வெள்ளையா நிக்கும், கட்டாம விட்டா பானைலேந்து எடுக்கும்போது சிக்கலை எடுக்கவே ஒரு நாள் ஆகும். எல்லாக் கணக்கும் காஞ்ச நூலோட எடையை வச்சுத்தான், அதனால நனைக்கிறதுக்கு முன்னாடி எடை போட்டு எழுதிடுங்க, கிராமைச் சரியா காட்டுற சின்னத் தராசு வேணும்.

நூல்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அது போகாம சாயம் சமமா ஏறாது. காரம் இல்லாத சோப்புல, கை பொறுக்குற சூட்டுத் தண்ணியில அரை மணி நேரம் போட்டு வச்சு, அதே சூடுள்ள தண்ணியில அலசுங்க. சூட்டுலேந்து பச்சைத் தண்ணிக்கு சடார்னு மாத்தாதீங்க. கம்பளி சூட்டுக்குப் பயப்படாது, சூடு திடீர்னு மாறினாலோ சூட்டோட சேர்த்து உரசினாலோதான் சுருங்கும்.

படிகாரம்

செடிச் சாயத்துல நிறைய நிறம் நேரடியா இழையில ஒட்டாது, இழைக்கும் நிறத்துக்கும் நடுவுல கைப்பிடிச்சு விட ஒரு உலோக உப்பு வேணும், அதைத்தான் மார்டன்ட்னு சொல்றாங்க. ஆரம்பிக்கிறவங்களுக்குப் படிகாரம் போதும். உப்பும் வினிகரும் போட்டா நிறம் நின்னுடும்னு நிறைய பேர் சொல்லுவாங்க, செடிச் சாயத்துல அதுங்க மார்டன்ட் வேலையைச் செய்யாது. வினிகர் சில நிறத்தை மாத்தும், அவ்வளவுதான்.

நூலோட எடையில 12 சதவீதம் படிகாரம், 6 சதவீதம் க்ரீம் ஆஃப் டார்ட்டர் (பேக்கிங்ல போடுற புளிப்புப் பொடி). 50 கிராம் நூலுக்கு 6 கிராம் படிகாரமும் 3 கிராம் டார்ட்டரும். நிறைய போட்டா நல்லதுன்னு நினைக்காதீங்க, படிகாரம் அதிகமானா கம்பளி பிசுபிசுன்னு ஆயிடும். கொதி தண்ணியில தனித்தனியா கரைச்சு, 2 லிட்டர் தண்ணியுள்ள பானைல ஊத்திக் கலந்துட்டு, அப்புறம் முழுசா நனைஞ்ச நூலைப் போடுங்க. நூலை ஒரு மணி நேரமாவது ஊற வச்சிருக்கணும், நடு இழை வரைக்கும் ஈரம் போகணும். மெதுவா சூடேத்தி 80, 85 டிகிரிக்குள்ள ஒரு மணி நேரம் வையுங்க, தளதளன்னு கொதிக்க விடாதீங்க. அடுப்பை அணைச்சு அப்படியே ராத்திரி முழுக்க ஆற விட்டா இன்னும் நல்லா ஏறும்.

பானை எவர்சில்வர் இல்லன்னா எனாமல். அலுமினியமும் இரும்பும் தாங்களே நிறத்துல புகுந்து மாத்திடும். சாயத்துக்கு எடுத்த பானை, கரண்டி, வடிகட்டி எதுவும் திரும்பச் சமையலுக்குப் போகக்கூடாது, செடிதானேன்னு விட்டுடாதீங்க. பொடியைக் கரைக்கும்போது மாஸ்க், கையில க்ளவுஸ், ஜன்னல் திறந்திருக்கணும். குரோம், தகர உப்பு வச்சுப் பண்ற பழைய செய்முறைகளும் உண்டு, நிறம் பளபளன்னு வரும், ஆனா விஷம், வீட்டுல தொடாதீங்க.

வெங்காயத் தோல்ல முதல் நிறம்

முதல் சாயத்துக்கு வெங்காயத்தோட மேல் சருகை சேர்த்து வைங்க, எளிசா சேரும், ஏமாத்தாது. நூல் எத்தனை கிராமோ அதே எடைக்குச் சருகு. தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம் மெல்லிசா கொதிக்க விட்டு நல்லா வடிகட்டுங்க, ஒரு சருகு நூல்ல ஒட்டினாலும் அந்த இடத்துல திட்டு விழும். வடிச்சது ஆறி வெதுவெதுன்னு ஆனதும் குட்டிச் சிட்டத்துல மூணை ஒண்ணா இறக்குங்க, ரெண்டு படிகாரம் ஏத்தினது, ஒண்ணு எதுவுமே ஏத்தாதது. மெதுவா 80 டிகிரி கிட்ட கொண்டுபோய் ஒரு மணி நேரம். நூலைக் கிண்டாதீங்க, கரண்டியால லேசா தூக்கி மறுபக்கம் படுக்க விடுங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போதும்.

வெளிய எடுத்துப் பாத்தா வித்தியாசம் கண்ணுக்கு முன்னாடி இருக்கும். எதுவும் ஏத்தாதது மங்கின பழுப்புல நிக்கும், படிகாரம் ஏத்தினது ரெண்டும் தங்க ஆரஞ்சுல ஜொலிக்கும். இப்போ படிகாரச் சிட்டத்துல ஒண்ணை எடுத்து வேற பாத்திரத்துக்குக் கொண்டுபோங்க, அதுல அரை லிட்டர் சுடுதண்ணியில 0.2 கிராம் அன்னபேதி (இரும்பு உப்பு) கரைச்சிருக்கணும், 10 கிராம் நூலுக்கு 2 சதவீதம். உள்ள இறக்கின ஒரு நிமிஷத்துலயே தங்கம் மங்க ஆரம்பிக்கும், ஓரத்துலேந்து பச்சை கலந்த பழுப்பு பரவும், நீங்க பாத்துக்கிட்டே இருக்க இருக்க ஆலிவ் பச்சையாயிடும். நான் முதல் தடவை பாத்தப்போ அந்தப் பாத்திரத்தை விட்டு நகரவே இல்லை. பிடிச்ச நிறம் வந்ததும் உடனே எடுத்து அலசிடுங்க, இரும்பு அதிகமானாலோ அதிக நேரம் இருந்தாலோ கம்பளி சொரசொரப்பாகி நாளாக நாளாக இத்துப்போகும். அந்தப் பாத்திரத்தைத் தனியா ஒதுக்கி வைங்க, ஒரு துளி இரும்பு அடுத்த மஞ்சளை அழுக்காக்கிடும்.

ஈர நூல் எப்பவும் ஆழமா தெரியும், காஞ்சா ஒரு படி வெளிறும், அதனால பானைல இருக்கிற நிறத்தை நம்பி எடுத்துடாதீங்க. சாயத் தண்ணியையும் கொட்டாதீங்க, மிச்சமுள்ள குட்டிச் சிட்டம் ரெண்டையும் படிகாரம் ஏத்தி அதுலயே ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா போடுங்க, ரெண்டாவது முக்குல தேன் நிறம், மூணாவதுல வெண்ணெய் நிறம்னு ஒரே குடும்பத்துல வரும், சேர்த்துப் பின்ன ரொம்ப அழகா இருக்கும்.

எது நிக்கும், எது போகும்

மஞ்சள்தூள் படிகாரமே இல்லாம கண்ணைப் பறிக்கிற மாதிரி ஏறும், ஆனா வெயில்ல ஓடிப்போயிடும். பீட்ரூட், பெர்ரி பழம் இதெல்லாம் பானைல பாக்கும்போது அள்ளிக்கிட்டுப் போற அழகு, நூல்ல கொஞ்ச நாள்ல மங்கி பழுப்பாயிடும், இதை யாராவது வகுப்புல நிலைச்ச சாயம்னு சொல்லித்தந்தாங்கன்னா நம்பாதீங்க. செண்டுமல்லிப் பூ, மாதுளைத் தோல் ரெண்டும் படிகாரத்தோட நல்ல மஞ்சள் கொடுக்கும். சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், அதுல சூட்டைப் பாத்துக்கணும், 70 டிகிரியைத் தாண்டினா வேர்ல இருக்கிற பழுப்பும் சேர்ந்து இறங்கி செங்கல் நிறத்துக்குப் போயிடும். வில்லியம் பெர்கின் 18 வயசுல 1856ல ஊதா நிறத்தை ரசாயனத்துல கண்டுபிடிக்கிற வரைக்கும் துணிக்கு நிறம்னாலே வேர், பட்டை, பூ, பூச்சி, சிப்பிதான், அதுலயும் சிவப்புக்கு இந்த வேர் குடும்பம் ரொம்ப காலம் ராஜாவா இருந்துச்சு. 1868ல அதோட நிறப்பொருள் அலிசரினை ஆய்வுக்கூடத்துலயே செஞ்சதுக்கப்புறம்தான் வேர் வயலெல்லாம் காலியாச்சு.

யார் சொல்றதையும் நம்பாம நீங்களே சோதிக்க ஒரு வழி. சாயம் போட்ட நூலை ஒரு அட்டையில சுத்தி, பாதியை இன்னொரு அட்டையால மூடி, வெயில் விழுற ஜன்னல்ல ரெண்டு வாரம் வைங்க. திறந்து பாத்தா மூடின பாதிக்கும் திறந்த பாதிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு தெரிஞ்சுடும், அது பிடிச்சிருந்தா மட்டும் 50 கிராம் சிட்டத்துக்குப் போங்க.

பருத்தி நூலுக்கு இந்த முறை அப்படியே ஒத்துவராது. பருத்திக்கு முதல்ல கடுக்காய் மாதிரி துவர்ப்புள்ளதை ஏத்தி, அதுக்கு மேல படிகாரம் ஏத்தினாத்தான் பிடிக்கும், கம்பளியில கை வந்தப்புறம் போங்க.

அவுரியைத் தனியா முயற்சி பண்ணாம கடையில தொட்டி போடுற நாளுக்குக் காத்திருங்க. அவுரி நீலம் அப்படியே தண்ணியில கரையாது. அவுரிப் பொடியோட சுண்ணாம்பும் பழச்சர்க்கரையும் (ஃப்ரக்டோஸ்) 1, 2, 3ங்கிற கணக்குல சேர்த்து, தொட்டிக்குள்ள ஆக்ஸிஜன் இல்லாத நிலைக்குக் கொண்டுவந்தா நீலம் மஞ்சள் பச்சையா மாறிக் கரையும், அப்போதான் இழைக்குள்ள போகும். நூலை அலைக்காம மெதுவா இறக்கி, ஓரிரு நிமிஷம் வச்சு, சொட்டு தெறிக்காம வெளிய எடுத்துக் காத்துல பிடிச்சா பச்சை, பச்சை நீலம், நீலம்னு கண்ணெதிர்ல மாறும். படிகாரம் தேவையே இல்லை. அடர் நீலம் வேணும்னா அதிக நேரம் ஊற வைக்கிறது தப்பு, முக்கி முக்கி எடுத்து நடுவுல காத்தாட விட்டுத்தான் ஏத்தணும், இல்லன்னா மேலாக ஒட்டி பின்னும்போது விரலெல்லாம் நீலமாகும். சுண்ணாம்பு கம்பளிக்கு ஆகாது, அதனால முடிச்சதும் வினிகர் கலந்த தண்ணியில ஒரு அலசு அலசிடணும். எகிப்துல கிடைச்ச ரொம்பப் பழைய பின்னல் காலுறைகள்ல வெள்ளைப் பருத்தியோட அவுரி நீலத்தைச் சேர்த்துத்தான் கோலம் பின்னியிருக்காங்க, கிட்டத்தட்ட 900 வருஷம் ஆகியும் அந்த நீலம் தெரியுது.

திரும்பப் பின்னலுக்கு

வெயில் சோதனை முடிஞ்சு நிறம் முடிவானதும் 50 கிராம் சிட்டத்தைக் கழுவி, படிகாரம் ஏத்தி, சாயம் போட்டு, ரெண்டு மூணு நாள் நிழல்ல காய விட்டு அப்புறம் அலசுங்க, உடனே அலசுறதைவிட நிறம் கம்மியா போகும். சிட்டத்தை அப்படியே வச்சுப் பின்னவே கூடாது, பத்து நிமிஷத்துல பிரிக்க முடியாத சிக்கலாயிடும். கடையில குடை மாதிரி விரியிற ஸ்விஃப்டும் நூல் சுத்துற மெஷினும் இருக்கும், கேட்டா சுத்த விடுவாங்க, இல்லன்னா ஒருத்தரை எதிர்ல உக்கார வச்சு ரெண்டு கையில மாட்டிவிட்டு உருண்டையா சுத்துங்க.

சாயப் பானைல வெந்து வந்த நூல் கொஞ்சம் உப்பி, தடிச்சு, லேசா சுருங்கியிருக்கும். அதனால வெள்ளையில போட்ட ஸ்வாட்ச் கணக்கு இதுக்கு ஆகாது, திரும்ப ஒரு ஸ்வாட்ச். குட்டிச் சிட்டத்துல ஒண்ணை எடுத்துக்கலாம். ரெண்டு தடவையா சாயம் போட்ட நூல் ஒண்ணுக்கொண்ணு லேசா வித்தியாசமா இருந்தா ரெண்டு உருண்டையையும் பக்கத்துல வச்சு ரெண்டு வரிசை இது, ரெண்டு வரிசை அதுன்னு மாத்தி மாத்திப் பின்னுங்க, எங்க மாறுதுன்னே தெரியாது.

50 கிராம் வொர்ஸ்டட்னா சுமாரா 100 மீட்டர், காதை மூடுற தலைப்பட்டைக்குத் தாராளமா போதும். ரெண்டு நிட் ரெண்டு பர்ல்னு ரிப் போட்டீங்கன்னா நல்லா இழுத்துக் கொடுக்கும், சாய நூலோட ஏத்த இறக்கமும் அந்த மேடு பள்ளத்துல அழகா தெரியும்.

ஒரு நோட்டுல ஒவ்வொரு சிட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க. நூல் எந்த வகை, காஞ்ச எடை, படிகாரம் எத்தனை கிராம், சருகு எத்தனை கிராம், எவ்வளவு நேரம், எந்தச் சூடு, எந்தத் தண்ணி, தேதி. ஒரே ஆள் ஒரே பானைல பண்ணினாலும் தண்ணி மாறினா நிறம் மாறும், அதனால தண்ணியை எழுத மறக்காதீங்க. பின்னி முடிச்சப்புறம் மிஞ்சின நூல்ல ரெண்டு மீட்டர் வெட்டி அட்டைத் துண்டுல சுத்தி அந்தப் பக்கத்துலயே ஒட்டி வைங்க, நாளைக்குத் தலைப்பட்டைல எங்கயாவது நூல் அறுந்தா இழுத்துத் தைக்க அதே நிறம் அந்தப் பக்கத்துல மட்டும்தான் இருக்கும்.